பிட்டா, லில்லி, ராஜகனியின் கால்

செப்டம்பர் 29, திங்கள்

ராஜகனிக்கு இன்று எட்டாவது டிரைவிங் வகுப்பு. மூன்றாம் மைல் தாண்டியதும் ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஓடியெல்லாம் வரவில்லை. தன் வீட்டு முற்றத்தில் நடப்பது போல ஆடி அசைந்து வந்தது. பிரேக்கைப் பிடி என்றேன். பிடித்தாள். வண்டி பாட்டுக்கு ஊர்ந்துகொண்டே போகிறது! பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை நான் மிதித்ததால் ஆடு பிழைத்தது.

“பிரேக்கு நழுவுதுக்கா” என்றாள்.

“பிரேக்கு நழுவல. ஒன் காலுதான் நழுவுது. காலுல உசிரு இருக்கா இல்லையாட்டி?” என்றேன்.

நாற்பத்திரண்டு வயது மனுஷி. பதினாறு வருடமாக ஹார்பர் ரோட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் ஐஸ் தண்ணீருக்குள் கை வைத்து நிற்கிறாள். வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி இறக்க அந்தக் கம்பெனி ஒரு சின்ன வேன் வாங்கியிருக்கிறது. நவம்பர் முடிவதற்குள் லைசென்ஸோடு வந்தால் வேன் ஓட்டும் வேலை உனக்கு என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் ஐஸ் தண்ணீர்தான். அதற்காகவே இவளை நான் விரட்டுகிறேன். இவளுக்கு அது எங்கே புரிகிறது.

அவளுடைய பயிற்சிக் கார்டில் வழக்கம்போல வண்டியின் பெயரையும் சேர்த்து எழுதினேன்: ‘பிட்டா. பிரேக் பிடிக்கப் பயம்.’

அக்டோபர் 1, புதன்

இன்று ராஜகனிக்கு இன்னொரு கார், லில்லி. ரயில்வே கேட்டில் நூல் பிடித்த மாதிரி நிறுத்தினாள். பயம் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வரவில்லை. என்ன மனுஷியோ.

அக்டோபர் 6, திங்கள்

வில்மோ கம்பெனியிலிருந்து பதிவுத் தபால். புது வருஷத்துக்கு ஐஸ் கம்பெனிக்காரன் கொடுத்த இந்த டைரியைக் கையில் எடுத்ததிலிருந்து இவ்வளவு குழப்பமாக ஒரு நாளும் எழுதியதில்லை.

எங்கள் டிரைவிங் பள்ளியில் இரண்டு கார். நீலம் லில்லி, வில்மோ கம்பெனியுடையது. வெள்ளை பிட்டா, கோர்டெக் கம்பெனியுடையது. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் வாங்கினோம். லில்லியில் மாஸ்டர் சிலிண்டர் என்ற பிரேக் பாகத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் சரியில்லையாம். வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். இதற்கு ரீகால் என்று பெயராம்.

பிட்டாவுக்கும் கடிதம் வருமா என்று கஸ்பாரிடம் கேட்டேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கார்களுக்கு அவர்தான் டாக்டர்.

“ரெண்டும் ஒரே வண்டிதான மெர்சி. ஒரே தையக்காரன் தச்ச ரெண்டு சட்டை, பொத்தான் மட்டும் வேற. ரெண்டு கம்பெனியும் கூட்டு சேந்து அடிப்பாகத்த ஒன்னாச் செஞ்சிட்டு, மேல மூஞ்சிய மட்டும் மாத்தி வச்சிருக்கான்.”

“அப்ப இதுக்கும் வரணுமே?”

“வரணும்தான்.” கொஞ்சம் யோசித்தார். “வராமலும் இருக்கலாம்.”

கோர்டெக் ஷோரூமுக்குப் போன் போட்டேன். சுகன்யா என்ற பெண் பேசினாள். “பிளாட்ஃபார்ம் ஒன்னுதான் மேடம். ஆனா அந்த சிலிண்டர் அவங்களுக்கு வேற ஆள் செஞ்சு குடுக்குறாங்க, நமக்கு வேற ஆள். நம்ம வண்டிக்கு ரீகால் இல்ல, நிம்மதியா ஓட்டுங்க” என்றாள்.

ஒரே வண்டி, ஆனால் வேறு வண்டி. அளவு ஒன்று, செய்தவன் வேறு. பிளாட்ஃபார்ம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் தூத்துக்குடி மேலூர் ஸ்டேஷன்தான். இந்தச் சுகன்யாவின் குரல் வேறு தேன் மாதிரி இருக்கிறது. எரிச்சலாக வந்தது.

அக்டோபர் 8, புதன்

லில்லிக்குப் புது சிலிண்டர் போட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேர வேலை. பழையதை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்தது, அப்பாடா.

கஸ்பார் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. சீலா மீன் குழம்பு. அதைப் போய் வேண்டாமென்று வைப்பாரா ஒருவர்?

அக்டோபர் 9, வியாழன்

கஸ்பார் இப்போதுதான் வாயைத் திறந்தார்.

“மெர்சி, நேத்து அவன் கழட்டுனானே சிலிண்டரு, அது லில்லியோடதான்னு எனக்கு நிச்சயமாத் தெரியல.”

“லில்லியிலருந்து கழட்டுனது லில்லியோடது இல்லாம அடுத்த வீட்டோடதா?”

“பிட்டாவோடதா இருக்கலாம்லா.”

எனக்குத் தலை கிறுகிறுத்தது. அவர் சொல்வது ஏன் நடந்திருக்கக்கூடும் என்பதை எழுதிவைக்கிறேன். பயிற்சிக் கார்களை அவ்வப்போது தகுதிச் சான்றுக்கு, அதுதான் எஃப்.சி.க்கு, கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எந்தக் கார் எஃப்.சி.க்குப் போகிறதோ அந்தக் காருக்கு இன்னொரு காரின் நல்ல சாமான்களெல்லாம் போய்விடும். நல்ல டயர், நல்ல ஹார்ன், நல்ல வைப்பர். கல்யாண வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அக்காவின் நகையைப் போட்டு அனுப்புவது போல. போய் வந்ததும் திருப்பி மாட்டிவிட வேண்டும். அடிப்பாகம் ஒன்று என்பதால் எல்லாம் அப்படியே பொருந்தும். இது என் யோசனை என்று கஸ்பார் சொல்லிக்கொண்டு திரிகிறார். யாருடைய யோசனை என்பது இப்போது முக்கியமில்லை.

பிப்ரவரியில் பிட்டாவுக்கு எஃப்.சி. அதன் சிலிண்டரில் எண்ணெய் கசிந்ததால் லில்லியின் சிலிண்டரை அதற்கு மாட்டினோம். பிட்டாவுடையதைச் சரிசெய்து லில்லியில் போட்டோம். மார்ச்சில் திருப்பினோம். ஜூலையில் லில்லிக்கு எஃப்.சி. அப்போது அதன் பிரேக் மெத்தென்று இருந்தது. மறுபடி மாற்றினோம். இதுவரை மூன்று முறை.

“அதுக்குப் பொறவு திருப்பல. மூனுதான்” என்கிறார் அவர்.

“திருப்புனீய. நான்தான டார்ச் அடிச்சேன். நாலு” என்கிறேன் நான்.

“நீ டார்ச் அடிச்சது மார்ச்சுல.”

நான்கு என்றால் கெட்ட சிலிண்டர் லில்லியில் இருந்திருக்கும், நேற்று ஒழிந்தது. மூன்று என்றால் நேற்று நல்லதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். கெட்டது பிட்டாவில் உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

டைரியைப் புரட்டினேன். ஜூலை 17: ‘லில்லி எஃப்.சி. பாஸ். வெயில் கொளுத்துகிறது.’ ஜூலை 18: ‘கஸ்பாரோடு சண்டை. பேசவில்லை.’ ஜூலை 19: ‘பேசவில்லை.’ ஜூலை 20: ‘நண்டு வாங்கினார். பேசினேன்.’ எதற்காகச் சண்டை என்று எழுதவில்லை. இப்படி ஒரு டைரியை எழுதி என்ன பிரயோசனம்?

இரண்டு துணிக் கிளிப்பை எடுத்து, வெள்ளை பிட்டா, நீலம் லில்லி என்று மேசையில் வைத்து, கெட்ட சிலிண்டராக ஒரு பொத்தானை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை கெட்டது வெள்ளையில் வந்து நின்றது. அடுத்த தடவை நீலத்தில் நின்றது. கஸ்பார் வந்து கிளிப்பைத் தூக்கிக்கொண்டு துணி காயப்போடப் போய்விட்டார்.

சாயங்காலம் ராஜகனி லில்லியில் ஓட்டினாள். நன்றாகத்தான் ஓட்டுகிறாள்.

அக்டோபர் 11, சனி

சிலிண்டர்களைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஸ்டிக்கரெல்லாம் என்றோ உரிந்துவிட்டது. கஸ்பார் பிட்டாவின் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பெடல் இறங்காமல் நின்றது. கல். நான் மிதித்தேன். கல். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை வரை ஓட்டிப்போய்த் திரும்பினோம், வழியெல்லாம் மிதித்துக்கொண்டே. பின்னால் வந்த லாரிக்காரன் என் வம்சத்தையே திட்டிவிட்டுப் போனான். பிரேக் அருமையாகப் பிடித்தது.

ஆகவே நான்கு முறைதான். நான் சொன்னதுதான் சரி. கஸ்பார் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்ட ஆட்டலா, என்னவோ தெரியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் மூன்று பேருக்கு வகுப்பு இருந்ததால் பிட்டாவையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதில்தான் ராஜகனி.

மீளவிட்டான் உப்பளப் பாதை. உப்பு அள்ளும் பெண்கள் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலேயே பிரேக் போடு என்றேன். போட்டாள், நான் பார்த்தேன். கால் பெடலில்தான் இருந்தது. வண்டி நிற்கவில்லை. போய் உப்புக் குவியலில் முட்டி, பம்பர் முழுக்க உப்புக்குள் புதைந்தது. ஒரு பெண் டீ டம்ளரைப் போட்டுவிட்டுத் துள்ளி விழுந்து எழுந்தாள். அடி ஒன்றுமில்லை. என் மாதாவே, ஒன்றுமில்லை.

கடைசி நேரத்தில் நான் என் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பிடித்தது. அப்படியானால் வண்டியில் குறையில்லை. இதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்: பிடித்தது.

எல்லோர் முன்னாலும் ராஜகனியைத் திட்டினேன். பொம்பளைகளைக் கொல்லப் பார்த்தியா, ஒனக்கெல்லாம் எதுக்குட்டி வேன் என்று கேட்டேன். இன்னும் ஏதேதோ சொன்னேன். அவள் இறங்கி, பம்பரில் இருந்த உப்பைக் கையாலேயே தட்டிவிட்டாள். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவள் பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே கார்டில் எழுதி அவள் கையில் கொடுத்திருந்தேன்: ‘பிட்டா. பிரேக் பிடிக்கவே இல்லை.’

இன்றைக்கு டைரியில் தேதியையே தப்பாக எழுதி அடித்தேன். வயது காரணமாக இருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

ராஜகனி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ராஜகனி அவளுடைய அக்கா மகளிடம் முந்திரிக்கொத்துப் பலகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். டப்பாவுக்கு அடியில் அவளுடைய பயிற்சிக் கார்டு. ‘எனக்குத் தோதுப்படாதுக்கா, கோவிச்சுக்கிடாதீய’ என்று சொல்லச் சொன்னாளாம்.

கஸ்பார் இரண்டு முந்திரிக்கொத்து சாப்பிட்டார். நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 22, புதன்

பிட்டாவை கோர்டெக் ஷோரூமுக்குக் கொண்டுபோனேன். சும்மா ஒரு நிச்சயத்துக்கு. சுகன்யா நேரில் இன்னும் தேனாக இருக்கிறாள்.

“வெளிய எங்கயாவது பிரேக் பார்ட் ஏதும் மாத்தியிருக்கீங்களா மேடம்?”

“வெளிய எங்கயும் இல்ல” என்றேன்.

இது பொய்யில்லை. மாற்றியது வீட்டுக்குள், எங்கள் ஷெட்டில். அவள் கேட்டது ‘வெளியே.’ அவர்களுடைய ஆள் பெடலை நாலு தடவை ஓங்கி மிதித்தான். சூப்பராக இருக்கிறது என்றான். பிறகு ஏன் வீட்டுக்கு வந்து இன்னும் பத்துத் தடவை மிதித்துப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. வகுப்பு இல்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுக்க எடுத்தபோது ராஜகனியின் கார்டு கண்ணில் பட்டது. பன்னிரண்டு வரி, எல்லாம் என் கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் வண்டியின் பெயர்.

லில்லி: நன்று. பிட்டா: பயம். பிட்டா: கால் தளர்வு. லில்லி: நன்று. லில்லி: மிக நன்று. பிட்டா: பயம்.

ஆறு லில்லி, ஆறும் நன்று. ஆறு பிட்டா, ஆறிலும் குறை.

மற்ற பிள்ளைகளின் கார்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். அவர்களுக்கு எந்தக் காரிலும் எதுவும் இல்லை. பயல்கள் கரப்பான்பூச்சியை மிதிக்கிற மாதிரி பிரேக்கை மிதிப்பார்கள். கார்டைக் கஸ்பாரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“உள் ரப்பரு தேஞ்சிருந்தா ஓங்கி மிதிச்சாப் பிடிக்கும் மெர்சி. மெதுவா அமுக்குனாத்தான் எண்ணெய் ரப்பரத் தாண்டிப் போயி பெடலு உள்ள எறங்கும். அந்தப் பிள்ள மெதுவா அமுக்குதா?”

இறால் உடையாமல் தோல் உரிக்கிறவள். மெதுவாகத்தான் அமுக்குவாள். பூட்ஸ் போட்டு மிதிக்கச் சொல்லி நான்தான் கத்தியிருக்கிறேன்.

அக்டோபர் 25, சனி

கஸ்பார் மெதுவாக அமுக்கிப் பார்த்தார். முப்பது வருடம் கிரேன் மிதித்த கால், அதற்கு மெதுவே தெரியவில்லை. நான் அமுக்கினேன். ஒரு தடவை இறங்கிய மாதிரி இருந்தது. அடுத்த தடவை இல்லை. இறங்கியதா, இறங்க வேண்டும் என்று என் கால் நினைத்ததா? இறங்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டுதானே அமுக்கினேன். எனக்கு என் காலையே நம்ப முடியவில்லை.

“அந்தப் பிள்ளையக் கூப்புடு” என்றார்.

“நீங்க போய்க் கூப்புடுங்க.”

“திட்டுனது நானா?”

அக்டோபர் 29, புதன்

மழை என்பதால் ராஜகனி வீட்டுக்குப் போகவில்லை. மழை பத்து மணிக்கே விட்டுவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மா அப்பாவுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டு, அப்படியே முத்தையாபுரத்துக்கு வண்டியைத் திருப்பச் சொன்னேன். கஸ்பார் பிட்டாவை முப்பதுக்கு மேல் விடவில்லை.

ராஜகனி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து கையைத் துடைத்தாள். ஐஸில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளிறி வெடித்திருந்தது. பன்னிரண்டு வகுப்பிலும் ஸ்டியரிங்கில் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேனா?

“வாங்கக்கா. காப்பி போடட்டுமா?”

“காப்பி வேண்டாம். ஒன் காலு வேணும்.”

இப்படியா கேட்பது? என் வாய் அப்படி. அவள் என்னையே பார்த்தாள்.

“காலுல உசிரில்லன்னு சொன்னீய.”

“சொன்னேன். தப்பாச் சொல்லியிருப்பேனோன்னு இருக்கு. நிச்சயமாத் தெரியல ராஜகனி. எனக்கும் தெரியல, இவுகளுக்கும் தெரியல, கம்பெனிக்காரனுக்கும் தெரியல. நீ வந்து அமுக்கிப் பாத்துச் சொல்லு.”

“தெரியலன்னு நீங்க சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன்” என்றாள். கேலியா, கோபமா, புரியவில்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

தெருவிலேயே, பிட்டாவில் உட்கார்ந்து அமுக்கினாள். கஸ்பார் குனிந்து பெடலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பிடித்தார். முதலில் ஒன்றுமில்லை. அவள் காலை எடுக்கவில்லை. பெடல் இறங்கியது. நிதானமாக, எண்ணெயில் அமிழும் வடை போல இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது.

“இதத்தான நான் முத நாள்லருந்து சொல்லுதேன்” என்றாள் ராஜகனி.

கஸ்பார் நிமிரவில்லை. குனிந்தபடியே “மூனுதான் மெர்சி” என்றார்.

அந்த உப்பளத்துப் பெண்ணின் டீ டம்ளர் உருண்டது ஞாபகம் வந்தது. தெரு என்றும் பார்க்காமல் அழுதேன். அழுததை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

பிட்டாவை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வில்மோ ஷோரூமுக்குப் போனேன். இது எங்கள் கம்பெனி வண்டி இல்லையே என்றார்கள். பாகம் உங்களுடையது என்றேன். கோர்டெக்கிலிருந்து சுகன்யாவையும் வரவழைத்தேன். எஃப்.சி.க்காக மாற்றியதை, மாற்றியவர்கள் நாங்கள் என்பதை, அன்று அவளிடம் மறைத்ததை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுகன்யாவின் குரலில் இன்று தேன் இல்லை.

“ஆர்.டி.ஓ ஆபீஸ்ல கேப்பாங்க மேடம். உங்க பர்மிட்டுக்கே பிரச்சின வரலாம்.”

“வரட்டும்” என்றேன்.

சிலிண்டரின் அடியைச் சுரண்டிப் பார்த்தபோது வில்மோவின் தேதி முத்திரை இருந்தது. ஸ்டிக்கர் உரிந்துபோனால் வழியில்லை என்று எழுதினேனே, சுரண்டிப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அல்லது தோன்றக் கூடாது என்று இருந்தோம்.

பிட்டாவுக்குப் புதியது போட்டாயிற்று. கஸ்பார் அதன் எல்லா பாகத்திலும் என் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

ராஜகனி வந்தாள். லில்லிச் சாவியை நீட்டினேன். “வெள்ளையத் தாங்கக்கா” என்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

டெஸ்ட். ராஜகனி பிட்டாவில்தான் போனாள். ஏற்றத்தில் பாதியில் நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர். நிறுத்தினாள். ஒரு விரற்கடைகூடப் பின்னால் நகரவில்லை. “பிரேக்க இப்பிடிப் பூப்போல அமுக்குற ஆள இப்பதான் பாக்கேன்” என்றார் அவர். பாஸ்.

என் பர்மிட் விஷயமாக அதே ஆபீஸில் இருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். என்ன ஆகும் என்று தெரியவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம்.

வெளியே புளிய மரத்தடியில் ராஜகனி என் பையைக் காட்டி, “என் கார்டு இருக்காக்கா?” என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. பேனாவை என் கையில் வைத்தாள்.

பிட்டா என்று இருந்த பழைய ஆறு வரியையும் ஒவ்வொன்றாக அடித்தேன். அடியில் ஒரு வரி எழுத இடம் இருந்தது.

“இதுல என்ன எழுத?” என்று கேட்டேன். “நன்றுன்னு எழுதவா, மிக நன்றுன்னு எழுதவா?”

“அதெல்லாம் வேண்டாம்” என்றாள். “பிரேக்கு நழுவுதுன்னு அவ முதல்லயே சொன்னா, நான்தான் கேக்கலன்னு எழுதுங்க.”

எழுதினேன்.